ஓர் ஆய்வேட்டிலிருந்து இதய மருந்து வருமா?

இதய நோய்க்கான மருந்துகள் உடலின் புரதங்களோடு எவ்வாறு இணைகின்றன என்பது குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். இதைச் சொன்னதும், நான் வசிக்கும் ஆதம்பாக்கத்தில் அக்கம்பக்கத்தார் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “அந்த மருந்து எப்போது கடைக்கு வரும்?” நியாயமான கேள்வி. ரத்த அழுத்தத்துக்கோ கொழுப்புக்கோ நாள்தோறும் மாத்திரை எடுத்துக்கொள்ளும் ஒருவரேனும் இல்லாத வீடு இன்று அரிது. இந்தியாவில் நிகழும் மரணங்களில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்டவை இதய, ரத்தநாள நோய்களால் நேர்கின்றன. பிற நாட்டினரோடு ஒப்பிட்டால், தெற்காசியர்களை முதல் மாரடைப்பு ஐந்து முதல் பத்து ஆண்டுகள் முன்னதாகவே தாக்குகிறது. சம்பாதிக்கும் வயதில் ஒருவர் சாய்ந்தால் குடும்பமே சாய்கிறது.

அந்தக் கேள்விக்கு என்னுடைய நேரடியான பதில்: என் ஆய்வேட்டிலிருந்து எந்த மருந்தும் கடைக்கு வரப்போவதில்லை. தனியொரு ஆய்வேட்டிலிருந்து மருந்து வருவது உலகெங்கும் அரிதினும் அரிது. அப்படியானால், பொதுமக்களின் வரிப்பணத்தில் இத்தகைய ஆய்வுகளை ஏன் நடத்த வேண்டும்? இதற்கு விடை காண, நாம் விழுங்கும் மாத்திரை உடலுக்குள் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மாத்திரை எங்கே செல்கிறது?

மாரடைப்பிலிருந்து மீண்ட ஒருவரின் மருந்துச் சீட்டை எடுத்துக்கொள்வோம். ஆஸ்பிரின், அடோர்வாஸ்டாடின், மெட்டோப்ரோலால், கிளோபிடோக்ரல் ஆகிய பெயர்கள் அதில் இருக்கக்கூடும். இவை ஒவ்வொன்றும் உடலில் உள்ள ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடிச் செல்கின்றன. அடோர்வாஸ்டாடின், கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்திக்குத் துணைபுரியும் ஹெச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ் என்னும் நொதியைத் தடுக்கிறது. மெட்டோப்ரோலால், இதயத் தசையின் மேற்பரப்பில் அட்ரினலின் வந்து அமரவேண்டிய புரதத்தில் தான் அமர்ந்துகொள்கிறது. அதனால் இதயத்தின் படபடப்பு தணிகிறது.

ஆஸ்பிரின் செயல்படும் விதம் இன்னும் சுவையானது. ரத்தத் தட்டணுக்களில் உள்ள சைக்ளோஆக்சிஜனேஸ் என்னும் நொதியில் அது ஒரு சிறு வேதித் தொகுதியை நிரந்தரமாக ஒட்டிவிடுகிறது. அந்த நொதி அதன்பின் இயங்காது. தட்டணுக்களுக்கு உட்கரு இல்லை. ஆகவே புதிய நொதியை அவற்றால் உருவாக்கிக்கொள்ள முடியாது. சுமார் பத்து நாள்கள் நீளும் தம் ஆயுள் முழுவதும் அவை அந்தத் தடையைச் சுமந்தே திரிகின்றன. தலைவலிக்குத் தேவைப்படும் அளவைவிட மிகக் குறைந்த ஆஸ்பிரின், நாளுக்கு ஒருமுறை மட்டும் எடுத்துக்கொண்டாலே ரத்தம் உறைவதைத் தடுக்கப் போதுமானதாக இருப்பது இதனால்தான். மருந்துச் சீட்டில் உள்ள ‘தினமும் ஒன்று’ என்ற இரு சொற்களுக்குப் பின்னால், ஒரு புரதத்தைப் பற்றிய இவ்வளவு அறிவு இருக்கிறது.

புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்களைக் கொண்டு கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி. அந்தச் சங்கிலி நூல்கண்டுபோலத் தாறுமாறாகச் சுருண்டு கிடப்பதில்லை. ஒவ்வொரு புரதமும் தனக்கென உள்ள முறைப்படி மடிந்து, குறிப்பிட்ட வடிவத்தைப் பெறுகிறது. அப்படி மடியும்போது அதன் மேற்பரப்பில் குழிகளும் பிளவுகளும் உண்டாகின்றன. மருந்து மூலக்கூறு சென்று அமர்வது பெரும்பாலும் அத்தகைய குழியில்தான். குழியின் வடிவம் மட்டும் பொருந்தினால் போதாது. எங்கே நேர்மின்னூட்டம் உள்ளது, எங்கே எதிர்மின்னூட்டம் உள்ளது, எந்தச் சுவர் நீரை விலக்கும், எந்தச் சுவர் ஹைட்ரஜன் பிணைப்புக்கு இடம்தரும் என்பனவும் பொருந்தியாக வேண்டும். மருந்து வருவதற்கு முன்பு அந்தக் குழியில் இருந்த நீர் மூலக்கூறுகள் வெளியேற வேண்டும். புரதமும் அசைந்துகொண்டே இருக்கிறது. மருந்து வந்ததும் தன் வடிவத்தைச் சற்று மாற்றிக்கொள்கிறது. இந்தப் பிணைப்பை அளந்து, அது ஏன் வலுவாக இருக்கிறது, எந்த அணுவை மாற்றினால் இன்னும் வலுப்படும் என்று கண்டறிவதே என் போன்ற ஆய்வாளர்களின் அன்றாட வேலை.

கிண்டியில் பிறந்த வரைபடம்

இந்த வேலைக்கு உலகமே பயன்படுத்தும் ஓர் அடிப்படைக் கருவி, ஆதம்பாக்கத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உருவானது என்பது நம்மில் பலர் அறியாதது. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவராக ஜி.என்.ராமச்சந்திரன் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது முப்பதுகூட நிறைந்திருக்கவில்லை. அவரைக் கொண்டுவந்தவர் அன்றைய துணைவேந்தர் ஏ.லட்சுமணசுவாமி முதலியார். சென்னைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜே.டி.பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் கட்டமைப்பு இன்னும் விளங்கவில்லை என்று குறிப்பிட, ராமச்சந்திரன் அதையே தம் முதல் இலக்காகக் கொண்டார். தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் உறுதி தரும் புரதம் அது. அதன் மாதிரிகள், அருகிலேயே இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்தன. மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட கயிறு போன்றது கொலாஜன் என்பதை அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955ஆம் ஆண்டுகளில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர்.

அந்தக் கட்டமைப்பு குறித்து எழுந்த விவாதம் இன்னும் அடிப்படையான கேள்விக்கு இட்டுச்சென்றது. புரதச் சங்கிலியில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் எந்தெந்தக் கோணங்களில் மடிய முடியும்? சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் சுழலக்கூடிய கோணங்கள் முதன்மையாக இரண்டு. அவ்விரண்டையும் இரு அச்சுகளாகக் கொண்டு, எந்தப் பகுதி சாத்தியம், எந்தப் பகுதி சாத்தியமில்லை என்று ராமச்சந்திரனும் அவருடைய மாணவர்களான சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகியோரும் வரைந்தனர். பெரிய கணினிகள் கைக்கு எட்டாத காலத்தில், மேசைக் கணிப்பானைக் கொண்டு கணக்கிட்டு உருவாக்கிய படம் அது. 1963இல் வெளியான அந்தக் கட்டுரை தந்த படமே இன்று உலகெங்கும் உள்ள உயிர்வேதியியல் பாடநூல்களில் ‘ராமச்சந்திரன் வரைபடம்’ என்ற பெயரில் இடம்பெற்றிருக்கிறது.

அறுபது ஆண்டுகள் கடந்தும் அது பழைய பொருளாகிவிடவில்லை. புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவிக்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகியோருக்கு, புரத வடிவமைப்பாளர் டேவிட் பேக்கருடன் சேர்த்து 2024இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இருபது கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணிக்கப்பட்ட வடிவங்கள் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால், ஆய்வகத்தில் கண்டறிந்த வடிவமோ கணினி கணித்த வடிவமோ எதுவாயினும், அது நம்பத்தக்கதா என்று சரிபார்க்க இன்றும் அதை ராமச்சந்திரன் வரைபடத்தில் இட்டுப் பார்க்கிறோம். 1963இல் அந்த மாணவர்களிடம், இது எந்த நோயைத் தீர்க்கும் என்று எவரேனும் கேட்டிருந்தால் அவர்கள் எந்த மருந்தின் பெயரையும் சொல்லியிருக்க முடியாது.

பூஞ்சையும் பாம்பு நஞ்சும்

இதய மருந்துகளின் வரலாற்றில் இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று, சலியாத தேடல். ஜப்பானைச் சேர்ந்த அகிரா எண்டோ, கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருள் ஏதேனும் கிடைக்குமா என்று சுமார் 6,000 பூஞ்சை வகைகளைச் சோதித்தார். 1973இல் ஒரு பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாடின் கிடைத்தது. அந்த வகையைச் சேர்ந்த மருந்து முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 1987இல். அந்த மருந்துகள் நொதியின் எந்தக் குழியில் எப்படி அமர்கின்றன என்பதை அணு அளவில் காட்டும் படம் கிடைத்ததோ 2001இல்.

இன்னொன்று, புரதத்தைப் பற்றிய அறிவிலிருந்து மருந்தை வடிவமைப்பது. பிரேசில் நாட்டு விரியன் வகைப் பாம்பு ஒன்றின் நஞ்சு, கடிபட்டவரின் ரத்த அழுத்தத்தை வீழ்த்துவதை அந்நாட்டு அறிவியலாளர்கள் ஆராய்ந்தனர். அந்த நஞ்சில் உள்ள சிறு புரதத் துண்டுகள், ரத்த அழுத்தத்தை உயர்த்தும் ஏசிஇ என்னும் நொதியைத் தடுக்கின்றன என்பது பின்னர் தெரியவந்தது. நஞ்சுப் பொருளை மாத்திரையாக விழுங்கினால் வயிற்றிலேயே செரித்துவிடும். எனவே டேவிட் குஷ்மன், மிகுவேல் ஒண்டெட்டி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வேறு விதமாகச் சிந்தித்தனர். ஏசிஇயின் வடிவம் அன்று எவருக்கும் தெரியாது. ஆனால், துத்தநாக அணுவைக் கொண்டு அதைப் போலவே இயங்கும் மற்றொரு நொதியின் வடிவம் தெரிந்திருந்தது. அதை மாதிரியாக வைத்து, துத்தநாகத்தைப் பற்றிக்கொள்ளும் ஒரு சிறு மூலக்கூறை வடிவமைத்தனர். அதுவே 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கேப்டோப்ரில். இன்று கோடிக்கணக்கானோர் எடுத்துக்கொள்ளும் எனாலாப்ரில், ராமிப்ரில் போன்றவை அதன் வழிவந்தவை.

ஏசிஇ நொதியில் மருந்து அமர்ந்திருக்கும் உண்மையான வடிவம் 2003இல்தான் வெளியானது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ரவி ஆச்சார்யாவின் ஆய்வுக் குழுவில் அதைக் கண்டறிந்து, ‘நேச்சர்’ கட்டுரையின் முதல் ஆசிரியராக இருந்தவர் ஆர்.நடேஷ். மருந்து வந்து இருபது ஆண்டுகள் கழித்து வடிவம் தெரிந்து என்ன பயன் என்று கேட்கலாம். அந்த நொதிக்கு இரண்டு செயற்பகுதிகள் உண்டு. பழைய மருந்துகள் இரண்டையும் சேர்த்தே தடுக்கின்றன. ஒன்றை மட்டும் குறிவைத்தால், இந்த மருந்துகளால் சிலருக்கு வரும் வறட்டு இருமல் போன்ற பக்கவிளைவுகளைக் குறைக்க முடியுமா என்ற ஆய்வுக்கு அந்த வடிவமே வழிகாட்டுகிறது.

ஒட்டிக்கொண்டால் மட்டும் போதுமா?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஒரு மூலக்கூறு ஒரு புரதத்தில் நன்றாகப் பிணைகிறது என்பதும், அது நோயைத் தீர்க்கும் என்பதும் ஒன்றல்ல. நம் வீட்டு வேலிகளில் பூக்கும் அரளியே இதற்குச் சான்று. இதயம் சுருங்கி விரிவதற்குத் தேவையான சோடியம், பொட்டாசியம் அயனிகளை உயிரணுவின் உள்ளும் புறமும் கொண்டுசெல்ல ஒரு புரதம் இருக்கிறது. நரிவிரல் செடியிலிருந்து வந்த டிஜாக்சின் என்னும் பழைய இதய மருந்து அந்தப் புரதத்தில்தான் பிணைகிறது. அரளியின் நஞ்சும் அதே புரதத்தில்தான் பிணைகிறது. டிஜாக்சினை முறிக்கும் எதிர்ப்பொருள், மஞ்சள் அரளி நஞ்சையும் முறிக்கிறது என்பதை இலங்கையில் நடந்த மருத்துவ ஆய்வு 2000ஆம் ஆண்டில் காட்டியது. டிஜாக்சினும் அளவு சற்றே மிஞ்சினால் நஞ்சாகிவிடும். இலக்குப் புரதம் ஒன்றாக இருந்தாலும் மருந்தையும் நஞ்சையும் பிரிப்பவை அளவும் கண்காணிப்பும்தான்.

வேறு விதமான தோல்விகளும் உண்டு. டார்செட்ராபிப் என்னும் மருந்து, தன் இலக்கான புரதத்தை மிகத் திறம்படத் தடுத்தது; நல்ல கொழுப்பு எனப்படும் ஹெச்டிஎல் அளவையும் உயர்த்தியது. சுமார் 15,000 பேரிடம் நடந்த பெரிய பரிசோதனை 2006 டிசம்பரில் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. மருந்து எடுத்துக்கொண்டோரில் இறப்புகள் கூடியிருந்தன. ஒவ்வாமைக்குத் தரப்பட்ட டெர்ஃபெனடின், இதயத் துடிப்பின் ஒழுங்கைக் காக்கும் பொட்டாசியம் வழியைத் தடுத்துச் சிலருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறை உண்டாக்கியதால் 1990களின் இறுதியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. இன்று எந்த நோய்க்கான புதிய மருந்தாயினும், அது இதயத்தின் அந்தப் புரதத்தில் பிணைகிறதா என்று முன்கூட்டியே சோதிக்கப்படுகிறது.

நம் நாட்டின் அனுபவமும் இதையே சொல்கிறது. 1966இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜி.வி.சத்தியவதி அளித்த ஆய்வேடு, ஆயுர்வேதத்தில் பயன்படும் குக்குலு என்னும் பிசின் ரத்தக் கொழுப்பைக் குறைக்குமா என்பதை ஆராய்ந்தது. பிற்காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்பை வகித்தவர் அவர். அந்தத் தொடக்கத்திலிருந்து வளர்ந்த ஆய்வுகளின் பயனாக, லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் ஒரு மருந்தையே உருவாக்கியது. குக்குலுவில் உள்ள ஒரு பொருள் எஃப்எக்ஸ்ஆர் என்னும் புரதத்தைத் தடுக்கிறது என்று 2002இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். பிணைப்புக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. ஆனால், அடுத்த ஆண்டே அமெரிக்காவில் 103 பேரிடம் நடந்த கட்டுப்பாடான பரிசோதனையில், கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் குறையவில்லை, சற்று உயர்ந்தது. ஒரு நல்ல கேள்வி, நேர்மையான சோதனைகளின் வழியே எதிர்பாராத விடையை அடைந்தது. அறிவியலில் இது இழப்பன்று.

இந்தப் பின்னணியில்தான், ‘மூலிகையில் இதய நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு’ போன்ற செய்திகளை வாசிக்க வேண்டும். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம், 4,010 இந்திய மருத்துவத் தாவரங்களையும் அவற்றில் உள்ள சுமார் 18,000 வேதிப்பொருள்களையும் தொகுத்து, எவரும் பயன்படுத்தத்தக்க தரவுத்தளமாக வைத்திருக்கிறது. மருதம்பட்டையில் உள்ள ஒரு பொருளை இதில் தேடி எடுத்து, ஒரு புரதத்தின் குழிக்குள் கணினியில் பொருத்திப் பார்க்க முடியும். ‘டாக்கிங்’ எனப்படும் இந்த முறை ஒரு மதிப்பெண்ணைத் தரும். மிகப் பயனுள்ள முறைதான். நானும் அதையே பயன்படுத்துகிறேன். ஆனால், அந்த மதிப்பெண், சோதித்துப் பார்க்கத் தகுந்தது எது என்ற பட்டியலைத்தான் தருகிறது. கணினி முன்னிறுத்தும் மூலக்கூறுகளில் பெரும்பாலானவை சோதனைக்குழாயில் தோற்றுவிடுகின்றன. புரதத்தை நுண்ணுயிரிகளில் வளர்த்து, தூய்மைப்படுத்தி, மூலக்கூறைச் சேர்த்து, பிணைப்பின்போது வெளிப்படும் வெப்பத்தை அளந்து, முடிந்தால் படிகமாக்கி ஊடுகதிரில் வைத்துப் பார்த்த பிறகே ஒரு சொல் சொல்ல முடியும். அதற்குப் பிறகு உயிரணு, விலங்கு, மனிதர் என்று நீண்ட பாதை இருக்கிறது. மதிப்பெண்ணை மட்டும் நம்பி, மருத்துவர் தந்த மாத்திரையை ஒருவர் நிறுத்திவிட்டால், அந்தத் தவறான நம்பிக்கையின் விலை ஓர் உயிராக இருக்கலாம்.

நம் உடலின் புரதங்கள்

மருந்துகளை மேலை நாடுகள் கண்டுபிடித்துக்கொள்ளட்டும், நாம் மலிவாகத் தயாரித்துக்கொள்ளலாம் என்ற வாதம் உண்டு. ‘உலகின் மருந்தகம்’ என்று நம் நாடு பெயர் பெற்றிருப்பது பெருமைக்குரியதே. ஆனால், அந்த வாதத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் எந்த மக்களிடம் அதைச் சோதித்தார்களோ, அவர்களின் புரதங்களும் நம் புரதங்களும் எல்லா இடங்களிலும் ஒன்றாக இருப்பதில்லை.

மருந்துச் சீட்டில் நாம் விட்டுவைத்த கிளோபிடோக்ரலைப் பார்ப்போம். இதயத்தில் ஸ்டென்ட் பொருத்தியவர்களுக்குப் பெரிதும் தரப்படும் மருந்து இது. விழுங்கும் நிலையில் இது செயலற்றது. கல்லீரலில் உள்ள சிஒய்பி2சி19 என்னும் நொதி அதை மாற்றியமைத்த பிறகுதான், தட்டணுக்களின் புரதத்தில் பிணையும் ஆற்றலைப் பெறுகிறது. சிலருக்குப் பிறப்பிலேயே இந்த நொதி குறைவாக இயங்கும். அத்தகையோருக்கு மருந்தின் பயன் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இலேயே கட்டமிட்ட எச்சரிக்கை வெளியிட்டது. பிரிட்டனில் வாழும் வங்கதேச, பாகிஸ்தானிய வம்சாவளியினர் 44,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. அவர்களில் சுமார் 57 சதவீதத்தினருக்கு அந்த நொதியின் ஆற்றல் குறைந்திருந்தது; 13 சதவீதத்தினருக்கு மிகவும் குறைந்திருந்தது. மிகக் குறைந்த பிரிவினருக்கு மாரடைப்பு மீண்டும் வரும் வாய்ப்பும் கூடியிருந்தது. இதைப் படித்துவிட்டு எவரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மாற்று மருந்துகள் உள்ளன, முடிவு மருத்துவருடையது. ஆனால், ஒரு சமூகமாக நாம் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது. நம்மவரிடம் இவ்வளவு பரவலாக உள்ள ஒரு வேறுபாட்டை நாமே விரிவாக ஆராயாவிட்டால், வேறு யார் ஆராய்வார்கள்?

இதற்கு விடையாகத் தமிழகத்திலிருந்தே ஒரு முன்னுதாரணம் உண்டு. இதயத் தசையின் இழைகளைக் கட்டுக்குள் வைத்திருக்கும் எம்ஒய்பிபிசி3 என்னும் புரதத்தின் மரபணுவில், 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாற்றத்தை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பெருந்துறை எஸ்.தண்டபாணி, ஹைதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்ட குழுவினர் ஆராய்ந்தனர். 2009இல் ‘நேச்சர் ஜெனிடிக்ஸ்’ இதழில் வெளியான அவர்களின் கட்டுரை, இந்தியத் துணைக்கண்ட வம்சாவளியினரில் சுமார் 4 சதவீதத்தினரிடம் இந்த மாற்றம் இருப்பதாகவும், அது இதயச் செயலிழப்பின் வாய்ப்பைச் சுமார் ஏழு மடங்கு உயர்த்துவதாகவும் கூறியது. நூற்றுக்கு நான்கு என்றால், கோடிக்கணக்கான மக்கள். பிற்கால ஆய்வுகள் இதை மேலும் நுணுக்கின. இந்த மாற்றம் உள்ளவர்களில் ஒரு சிறு பிரிவினரிடம் அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் சேர்ந்திருப்பதையும், இதயத் தசையின் மிகை இயக்கத்துக்கு அந்தச் சேர்க்கை காரணமாகலாம் என்பதையும் 2018இல் வெளியான ஆய்வு சுட்டியது. முதல் கண்டுபிடிப்பு கேள்வியைத் திறந்தது. அடுத்தது அதைக் கூர்மையாக்கியது.

இவ்விரு கதைகளும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. இதயத் தசை தடித்துப்போகும் ஒரு வகை நோய்க்காக, 2022இல் மாவகாம்டென் என்னும் மருந்துக்கு அமெரிக்கா அனுமதி அளித்தது. இதயத் தசையை இயக்கும் மையோசின் என்னும் புரதத்திலேயே நேரடியாகப் பிணைந்து, அதன் மிகை இயக்கத்தைத் தணிக்கும் முதல் மருந்து இது. இந்த மருந்தை உடலிலிருந்து அகற்றுவதில் பெரும்பங்கு வகிப்பது, முன்னர் கண்ட அதே சிஒய்பி2சி19 நொதி. நொதி குறைவாக இயங்குவோருக்குக் கிளோபிடோக்ரல் போதாமல் போகலாம். மாவகாம்டெனோ உடலில் தேங்கி, இதயத்தின் இயக்கத்தை அளவுக்கு மீறித் தணித்துவிடலாம். ஐரோப்பாவில் இந்த மருந்தைத் தொடங்கும் முன்பு நோயாளியின் மரபணு வகையைச் சோதிக்க அறிவுறுத்தப்படுகிறது. நம் மக்களிடம் அந்த வேறுபாடு பரவலாக இருப்பதால், இங்கே இந்தக் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை. இலக்குப் புரதம் ஒன்றை மட்டும் பார்த்தால் இது புலப்படாது. மருந்து உடலில் சந்திக்கும் எல்லாப் புரதங்களையும் பார்க்க வேண்டும்.

ஆய்வேடு எதைத் தருகிறது?

இப்போது வரிப்பணக் கேள்விக்கு விடை சொல்லலாம். ஒரு முனைவர் பட்ட ஆய்வு மூன்றைத் தருகிறது. முதலாவது, எல்லோருக்கும் பயன்படும் ஒரு சிறு அறிவு: ஒரு புரதத்தின் வடிவம், ஒரு பிணைப்பின் அளவு, ராமச்சந்திரன் வரைபடம் போன்ற ஒரு கருவி. இரண்டாவது, நம்பத்தகுந்த ‘இல்லை’. இந்த மூலக்கூறு இந்தப் புரதத்தில் பிணையாது என்று முறையாக நிறுவினால், அடுத்து வருபவர் அந்த வழியில் காலத்தையும் பணத்தையும் செலவிட வேண்டியதில்லை. மூன்றாவது, பயிற்சி பெற்ற ஒரு மனிதர். அகமதாபாத்தைச் சேர்ந்த ஜைடஸ் நிறுவனம் உருவாக்கிய சரோகிளிட்டசார் என்னும் மருந்து, நீரிழிவு நோயாளிகளின் ரத்தக் கொழுப்புக் கோளாறுக்காக 2013இல் இந்தியாவில் அனுமதி பெற்றது. உயிரணுக்களின் உட்கருவில் உள்ள இரு புரதங்களில் பிணைந்து செயல்படும் மருந்து அது. ஆய்விலிருந்து சந்தை வரை இந்திய நிறுவனமே கொண்டுவந்த அத்தகைய மருந்துகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவை பெருக வேண்டுமெனில், புரதத்தையும் மூலக்கூறையும் ஒருசேர அறிந்தவர்கள் ஏராளமாக வேண்டும். அவர்கள் உருவாகும் இடம் பல்கலைக்கழக ஆய்வகம்தான்.

அந்த ஆய்வகத்தின் நிலை என்ன? 2020-21 கணக்கின்படி, இந்தியா தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதத்தையே ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் செலவிட்டது. தேசியத் தகுதித் தேர்வில் வென்ற இளநிலை ஆய்வாளருக்கான மாத உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது, வரவேற்கத்தக்கதே. ஆனால், அது மாதந்தோறும் வருவதில்லை என்பது நான் அறிந்த பல ஆய்வாளர்களின் அனுபவம். வீட்டு வாடகை ஐந்தாம் தேதி வந்துவிடுகிறது. உதவித்தொகை பல மாதங்கள் சேர்ந்து வருகிறது. அந்த உதவித்தொகையும் கிடைக்காமல் ஆய்வு செய்வோர் பலர். ஐந்தாண்டு உழைப்பைக் கோரும் வேலையில், திறமை குறைந்தவர்களைவிடக் குடும்பத்தில் பணவசதி குறைந்தவர்களே முதலில் வெளியேறுகிறார்கள்.

செய்ய வேண்டியவை பெரிய மர்மங்கள் அல்ல. உதவித்தொகை ஊதியம்போல மாத இறுதியில் வங்கிக் கணக்கில் சேர வேண்டும். கணினியில் மட்டும் முடிந்துவிடும் ஆய்வுகள் சோதனைக்குழாய் வரை செல்ல, மாநிலப் பல்கலைக்கழகங்கள் பகிர்ந்துகொள்ளத்தக்க அளவீட்டுக் கருவிகள் மாவட்டந்தோறும் இல்லாவிட்டாலும் மண்டலந்தோறும் வேண்டும். தோற்ற முடிவுகளையும் ஆய்வேட்டின் மதிப்பாகக் கருதிப் பதிவுசெய்யும் வழக்கம் வேண்டும். ஆய்வாளர்களின் தகுதியைக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் மட்டுமே அளந்தால், கணினி மதிப்பெண்களை அவசரமாக அச்சேற்றும் போக்குதான் வளரும். சிஒய்பி2சி19 போன்ற வேறுபாடுகள் தமிழக நோயாளிகளிடம் எப்படிப் பரவியுள்ளன, சிகிச்சையின் விளைவை எப்படி மாற்றுகின்றன என்பதை அரசு மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் கைகோத்து ஆராய வேண்டும். இதயச் சிகிச்சைக்காகப் பெருந்தொகை செலவிடும் அரசு, தான் வாங்கித் தரும் மருந்து எவருக்குப் பயன்தருகிறது, எவருக்குத் தரவில்லை என்பதை அறிந்துகொள்ளச் சிறுதொகை செலவிடுவது சிக்கனமே ஆகும்.

முப்பது வயது நிறையாத ஒருவரை நம்பி ஒரு துறையை ஒப்படைத்து, அவர் எந்தக் கேள்வியைத் தேர்ந்தாலும் சரியென்று விட்டுவைத்த பல்கலைக்கழகம் ஒன்று இந்த நகரில் இருந்தது. அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்குள் உலகம் இன்றளவும் கைவிடாத ஒரு வரைபடம் கிடைத்தது. இன்று நம் கையில் கணினிகள் உள்ளன, மரபணுத் தரவுகள் உள்ளன, கேள்வியோ முன்னெப்போதையும்விட நம் இதயத்துக்கு அருகில் இருக்கிறது. இனி வேண்டியவை தடையற்ற நிதியும், அவசரப்படுத்தாத நம்பிக்கையும்தான்.